இரண்டு ஜிபி

முக்கூடல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
என் கடையின் மடிக்கணினிக்கு
நினைவு இரண்டு ஜிபி.
மூடியில் அரசு முத்திரை பாதி உரிந்துவிட்டது.
பள்ளி முடிக்கையில் எனக்குக் கொடுத்தது அது.
விண்டோஸை வழித்துவிட்டு டெபியன் போட்டது
சொரிமுத்து.
மின்வாரியத்தில் ஒப்பந்த ஆள்,
கம்பத்தில் ஏறாத நேரமெல்லாம் இங்கேதான்.

"ஃபயர்பாக்ஸ் இருக்கே, யக்கா,
ஒருத்தரைக் கூப்பிட்டா ஒம்பது பேரோட
பந்திக்கு வருவான்.
டில்லோ ஒத்தையாள்.
துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வந்து நிப்பான்."

பொய்யில்லை.
பாபநாசம் அணையில் எத்தனை அடி என்று
சொடுக்கிய விரலை எடுக்குமுன் சொல்லிற்று.
மூன்று நாள் அதையே திறந்து திறந்து பார்த்தேன்,
வயல் ஒரு சென்ட்கூட இல்லாதவள்.

நான்காம் நாள் பேச்சித்தாய் வந்தாள்,
பீடித் தொழிலாளி அட்டையோடு.
மகளின் உதவித்தொகைக்கு அன்று கடைசித் தேதி.
பக்கம் வந்தது.
பெயர் எழுதக் கட்டம் வந்தது,
அமைச்சகத்தின் பெயர் இரண்டு மொழியில் வந்தது.
சமர்ப்பி என்கிற பொத்தான் வரவில்லை.
டில்லோவுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது.

"பொத்தான் எங்கம்மா?"
"கனமா இருக்குன்னு
வாசல்லயே விட்டுட்டு வந்துட்டுது."
அவள் சிரிக்கவில்லை.

நெட்சர்ஃபில் பொத்தான் இருந்தது.
அழுத்தினேன், அழுத்தினேன்.
சுவரில் வரைந்த கதவு.
ஃபால்கன் திறந்தது,
நினைவில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டு.
பேர் வேற, வயிறு ஒண்ணு.

மற்றதையெல்லாம் மூடிவிட்டு
ஃபயர்பாக்ஸையே கூப்பிட்டேன்.
விசிறி இரைந்தது.
நானும் பேச்சித்தாயும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்,
பேச்சுக்கும் நினைவு செலவாகிவிடும் என்பதுபோல.
பதினோரு நிமிஷம். விண்ணப்ப எண் வந்தது.
"மொதல்லயே இதைத் தொறந்திருக்கலாம்லா?"
பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போனாள்.
நெட்சர்ஃபின் பொத்தான்மேல்
அவளும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்திருந்தாள்;
திரையில் புகையிலைத் தூள்.

அன்று இரவுதான் அந்தப் பேச்சு.
"பன்னிரண்டு இனி ரொம்ப நாள் தாங்காது, பதிமூணுக்குப் போயிருவோம்."
"எடை கூடுமா?"
"கூடாதுன்னு எப்படிச் சொல்லுதது."
"பேட்டரி ஒன்பது நிமிஷந்தான் நிக்கி."
"கரண்ட் போவாது. நான் சொல்லுதேன்லா."

பெரிய வேலை என்று நினைத்திருந்தேன்.
ஒரு கோப்பில் ஒரு சொல்லை அழித்து
இன்னொரு சொல்லை எழுதினான், அவ்வளவுதான்.
பிறகு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பொதிகள்
வரிசை வரிசையாய் இறங்கின.
நடுவில் நின்று ஒரு கேள்வி கேட்டது:
நீ திருத்திவைத்த பழையதை வைத்துக்கொள்ளவா,
நான் கொண்டுவந்ததைப் போடவா?
இத்தனை மரியாதையாக
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
பழையதே இருக்கட்டும் என்றேன்.

அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.

சொரிமுத்து என்னைப் பார்க்கவில்லை.
அவன் கைபேசி அடித்தது.
ஆற்றுப் பக்கத்து டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ்.
கையுறையை எடுத்துக்கொண்டு
வண்டியை உதைத்தான்.
எட்டாம் நிமிஷம் திரை மங்கிற்று.
ஒன்பதாம் நிமிஷம் அணைந்தது.
கொசுவை அடித்துக்கொண்டு,
பாதி பிரித்த ஒரு வீட்டுக்குள்
உட்கார்ந்திருந்தேன்.

டியூப்லைட் இரண்டு தடவை கண்ணடித்து எரிந்தபோது
அவன் இன்னும் கம்பத்தில்தான் இருந்திருப்பான்.
போனிலேயே சொன்னான்,
விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லும் அந்த ஒற்றை வரியை,
ஒவ்வொரு எழுத்தாக,
மூச்சு வாங்க.

காலையில் எல்லாம் எழுந்துவிட்டது.
நாற்பது எம்பி கூடத் தின்கிறது.
டில்லோவை எடுக்கவில்லை;
அணையை அதில்தான் பார்க்கிறேன்.

எட்டு மணிக்குப் பேச்சித்தாய்
இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்,
அவள் கையிலும் அதே அட்டை.
தேதியை நீட்டித்துவிட்டார்களாம்.
ஸ்டூலை இழுத்துப்போட்டு
எனக்கு முன்னால் அவளே சொன்னாள்:
"அந்த எரையுதுல்லா, அதைத் தொற."