இடது நாற்பத்தொன்று

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
கன்டெய்னர் ரயிலுக்கு வால் தெரியவில்லை.
இந்தப் பக்கம் நாங்கள், சாலையை அடைத்து.
அந்தப் பக்கம் அவர்கள், சாலையை அடைத்து.
நடுவில் கண்ணாடி வைத்த மாதிரி.

இடப்பக்கம் போ என்பது சட்டம்.
கேட்டில் சட்டம் செல்லாது.
தடுப்பு எழுந்ததும் ஒரு மீன்பாடி வண்டி
காரணமே இல்லாமல் வலப்பக்கம் ஒடிக்கும்.
அதன் பின்னால் எல்லோரும்.
அன்றைக்கு அதுதான் திசை.
சமச்சீர் உடைவது இப்படித்தான்:
உடைந்தது நாங்கள்,
சாலைக்கு ஒரு கீறல் இல்லை.
இது எனக்குப் புரியும்.

நோட்டில் இருப்பது வேறு.
சமன்பாட்டில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனிக் கணக்கு,
ஒன்றின் காசு மற்றதில் சேராது.
யாரும் எந்தப் பக்கமும் ஒடிக்கவில்லை.
ஆனாலும் கூட்டினால்
ஒரு மிச்சம்.
முக்கோணத்தை இப்படிச் சுற்றினேன், அப்படிச் சுற்றினேன்.
முடியாத கூட்டலை எங்கோ வெட்டித்தானே ஆக வேண்டும்,
எங்கே வெட்டினாலும்
ஒரு கணக்கை நேராக்கினால் இன்னொன்று கோணுகிறது.
மூன்று முறை பார்த்தாயிற்று.
"கூட்டல் பிழையாயிருக்கும்" என்கிறார் கைடு, மெயிலில்.

ஞாயிறு காலை, திருவொற்றியூர், அலை தடுக்கப் போட்ட கற்கள்.
பியூலா செருப்பு பொறுக்குகிறாள்.
ஏழாவதில் எனக்கு முன் பெஞ்ச்.
இடதெல்லாம் சிமென்ட் சாக்கில், வலதெல்லாம் மைதா சாக்கில்.
எடைக்குப் போடுகிறவளுக்குப் பிரிப்பானேன்?
"சும்மா. ஒரு வாட்டி ஜோடி சேருதான்னு பாத்தேன்.
அப்புறம் வுட முடியல."
இன்றைக்கு?
"இடது நாப்பத்தொண்ணு. வலது இருவத்தாறு."
ஜோடியாகத்தானே விற்கிறார்கள்.
"விக்கிறவன் ஜோடியாத்தான் விக்கிறான்.
இது கடலு."

கல்லின் மேல் உட்கார்ந்தேன்.
அடியில்லாத ஒரு கடல் உண்டு எங்கள் கணக்கிலும்,
கடைசிப் படிவரை நிரம்பியது.
காந்தமும் மின்சாரமும் ஒரே திசையில் நின்றால்
ஒரு வலது மேலே ஏறும்,
ஓர் இடது உள்ளே இறங்கும்.
யாரும் கடக்கவில்லை, எதுவும் தாவவில்லை.
அடி இருந்தால் அங்கே போய் எண்ணிச் சரிபார்க்கலாம்.
அடிதான் இல்லையே.

பிழை இல்லை, பியூலா.
"நான் எப்ப பிழைன்னு சொன்னேன்?"

எழுந்தபோது கற்களின் இடுக்கில்
என் வலது செருப்பின் வார் அறுந்தது.
குனிவதற்குள் அலை.
அவள் சிரித்துக்கொண்டே மைதா சாக்கைக் கவிழ்த்தாள்:
நீலம், ஆண்கள் அளவு, ஒன்பது.

இருவத்தஞ்சு, என்றாள் தனக்குள்.

கேட் மறுபடி மூடியிருக்கிறது.
கால்களை யாரும் பார்க்கவில்லை.
மெயிலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.