கீழேயும் ஒரு திசை

கான்ட்ராக்ட் முடிந்து ருவைஸை விட்டுக் கிளம்பும்போது
டெல்பர்ட் என் உள்ளங்கையில் வைத்தான்:
கறுப்புக் கல், கட்டைவிரல் நீளம்,
கண் இருக்கும் இடத்தில் இரண்டு நீலப்பச்சைப் புள்ளி,
முதுகில் நரம்பால் கட்டிய அம்புமுனை.
அகழெலியாம். ஜூனியில் அவன் மாமா செதுக்கியது.
வடக்கை மலைச்சிங்கம் பார்த்துக்கொள்ளும்
மேற்கைக் கரடி
இது, பூட்ஸால் தரையைத் தட்டினான்,
இதற்கு.

கேம்ப் அறையில் சொன்னேன்,
கீழ்த்திசைக் காவலென்று.
"கிழக்கா?" என்றான் மரியசெல்வம்.
கீழேடா.
மேல் கட்டிலிலிருந்து உலகநாதன்:
"வாகனம் வந்தாச்சு, பிள்ளையார் எந்த ஃப்ளைட்?"

சிரித்தோம். நானும்தான்.

சோளமாவு வை, பசிக்கும் என்றிருந்தான்.
மெஸ்ஸில் கிடைத்தது ரவை.
சாப்பிட்டதா தெரியாது,
காலையில் எறும்பு இருந்தது.

மூன்று வருடம் என் குழிக்குப்
பெர்மிட் கையெழுத்துப் போட்டவன் அவன்.
"நான் மேலேயே நின்றுவிட்டேன்" என்றான்
கொடுக்கும்போது, என்னைப் பார்க்காமல்.

இன்று நாலு மீட்டர்.
புது ஆள் ஏசி கன்டெய்னரை விட்டு வராமலே
கையெழுத்திட்டு அனுப்பிவிட்டான்.
பக்கச்சுவரில் மணல் மெல்ல உதிர்கிறது.
பலகை இன்னும் இரண்டு வேண்டுமென்று கத்திவிட்டு
ஏணியில் நிற்கிறேன்,
சட்டைப்பையில்
மூக்கில் ரவை ஒட்டிய கல்.