பதினாலு கிலோ

ஒத்தக்கடையில் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
இரும்பு ஒரு பக்கம், பேப்பர் ஒரு பக்கம்,
எதிரே ஆனைமலை,
மலைக்கும் எங்களுக்கும் நடுவே மேலூர் பஸ்.

நரசிங்கத்திலிருந்து குட்டியானையில் வந்தது மூட்டை.
ஆசீர்வாதம் சார் வீடு காலியாகிறதாம்.
பத்தாம் வகுப்பு நோட்ஸ், பால் கணக்கு,
மாத்திரைச் சீட்டு, யாரோ மருமகளின் வளைகாப்புப் பத்திரிகை,
அடியில்
கறுப்பு அட்டை, சிவப்பு விளிம்பு,
நடுவில் தானாகவே விரிகிற ஒரு புத்தகம்.

விரிந்த இடம் தாவீதின் பாட்டுகள்.
ஓரத்தில் நீல மசியில்
பெரியாஸ்பத்திரி, செவ்வாய், வெறும் வயிறு
என்று எழுதியிருந்தது.
அதற்குக் கீழே ஒரு வரியை
தாள் கிழியும்வரை அடிக்கோடிட்டிருந்தார்.

எங்களுக்கு அவர் தாவூத் நபி.
அவர் ஓதினால் மலைகளும் சேர்ந்து ஓதுமாம், பறவைகளும்.
இரும்பு அவர் கையில் மெழுகாம்.
தினம் இரும்பு எடை போடுகிறவள் நான்,
இதை மட்டும் கொஞ்சம் பொறாமையோடுதான்
நினைத்துக்கொள்வேன்.

"போடு தராசுல" என்றான் பீர் ஒலி, என் கொழுந்தன்.
"எறங்குனது வேற. இது மனுசன் கை பட்டது.
நமக்கு நம்ம வேதம் போதும்."

போதும்தான்.
ஓதுவதும் அதை, நடப்பதும் அதன்படி.
ஆனால் ஈமானை விரல் விட்டு எண்ணும்போது
அல்லாஹ், மலக்குகள் என்று வந்து
மூன்றாவது விரலில்
வேதம் என்றா நிறுத்துகிறோம்?
வேதங்கள்.
தவ்ராத்துக்கும் சபூருக்கும் இன்ஜீலுக்கும்
அந்த ஒருமையில் இடமில்லை.
ஒன்றை உருவினாலும்
விரல் மடங்க மாட்டேன் என்கும்.

எந்த வரி கை பட்டது,
எது இறங்கினபடியே நிற்கிறது,
பிரித்துக் காட்டு என்றேன்.
அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும்?
உண்மை என்று அடிக்கவும் வேண்டாம்,
பொய் என்று தள்ளவும் வேண்டாம் என்றுதானே
நமக்குச் சொல்லியிருக்கிறது.
தெற்காவணி மூல வீதியில்
பட்டறை கூட்டிய புழுதியை
யாராவது சாக்கடையில் கொட்டுகிறார்களா?
இதில் பஜ்ஜி மடித்துக் கொடுக்க
என்னால் ஆகாது.

மூட்டை பதினாலு கிலோ.
புத்தகத்தை எடுத்த பிறகு பன்னிரண்டே முக்கால்.
பதினாலுக்கே காசு கொடுத்தேன்.
மிச்சத்தை எந்தக் கணக்கில் எழுத என்று
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.
வாங்கியது, ஆனால் விற்காதது:
அப்படி ஒரு கட்டம் எங்கள் நோட்டில் இல்லை.

வெள்ளைத் துணியில் சுற்றி
அலமாரியில் குர்ஆனுக்கு ஒரு தட்டுக் கீழே வைத்தேன்.
சாரின் மகள் நம்பர் கிடைத்தால் கூப்பிட வேண்டும்.

பிறகு வேலை கிடந்தது.
வளைந்த கம்பி ஒன்றை
வெறும் கையால் நிமிர்த்திப் பார்த்தேன்,
சும்மாதான்.
அசையவில்லை. சுத்தியலை எடுத்தேன்.

ஒவ்வொரு அடிக்கும்
மலையிலிருந்து ஒன்று திரும்பி வந்தது,
பஸ் போகாத நேரம் அது.