முக்கால் மணித்தியாலம்

கொக்குவில் கடவை மூடிக் கிடக்கிறது.
மணி அடிக்கிறது. ரயிலைக் காணவில்லை.
எனக்குப் பின்னால் தர்மினி,
சட்டைக்குள்ளே, நெஞ்சோடு,
மூடி இறுக்கிய சின்னப் போத்தலை
அணைத்துப் பிடித்தபடி.
உடம்புச் சூட்டில் கொண்டு வரட்டாம்,
முக்கால் மணித்தியாலத்துக்குள்.
பதினெட்டு நிமிசம் போய்விட்டது.

பதினோரு வருசம் போறணைக்கு முன்னால் நின்றவன் நான்.
விடிய இரண்டு மணிக்கு விறகு தள்ளி,
சாரத்தை மடித்துக் கட்டி,
நீளத் துடுப்பால் பாண் இழுத்தவன்.
மா எந்தச் சூட்டில் பொங்கும் என்று தெரியும்.
ஆணின் விதை
உடம்பை விடக் கொஞ்சம் குளிர்ந்திருக்க வேணும் என்று
யாரும் சொல்லவில்லை.

ஆறு வருசம் அவளைத்தான் கொண்டு திரிந்தோம்.
ரத்தம், ஸ்கானிங்,
குழாயில் மருந்து ஏற்றி எடுத்த எக்ஸ்ரே.
அன்றைக்கு அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்தாள்.
வெள்ளிக்கிழமை விரதம். நயினாதீவில் கட்டிய தொட்டில்.
அக்கா தன் பிள்ளையின் முப்பத்தொன்றுக்கு
என்னை மட்டும் கூப்பிட்டா.
நான் போனேன்.
பாயாசம் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன்.

பிறகுதான் அந்தக் கடதாசி:
ஒரு மில்லிலீற்றருக்கு நாற்பது லட்சம்.
எனக்குப் புளுகம்.
தங்கச்சிக்குச் சீதனம் பேசினபோதும்
இவ்வளவு கேட்கவில்லை.
டொக்டர் கண்ணாடியைக் கழற்றினா.
"ஒன்றரைக் கோடியாவது வேணும் தம்பி.
இருக்கிறதும் வடிவா நீந்துதில்லை."

நாளம் வீங்கியிருக்காம், வெட்டிக் கட்டலாமாம்.
போறணையை விடு, சிகரெட்டை விடு,
புதுசு ஊற மூன்று மாதம், பொறு.
சரிவராவிட்டால் கழுவித் தெரிந்து உள்ளே விடலாம்.
அதுவும் இல்லையென்றால் கொழும்பு:
ஊசி முனையில் ஒன்றைப் பிடித்து
முட்டைக்குள் வைப்பினமாம்.
"ஒண்டோ?"
"ஒண்டு காணும்."
நாற்பது லட்சம் காணாது, ஒன்று காணும்.
பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை
அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

வெட்டினார்கள். கேட்டவர்களுக்கு ஹேர்னியா என்றேன்.
இப்போது பாண் ஓட்டோ ஓடுகிறேன்.
சம்பளம் குறைவு. காற்று வரும்.

ஸ்கூட்டி ஒன்று பக்கத்தில் வந்து நிற்கிறது.
அக்கா. முன்னால் பிள்ளை.
"எங்க வெள்ளன? இவளுக்கு மருந்து எடுக்கவோ?"
தர்மினியின் முழங்கை என் முதுகில் இறுகுகிறது.
"இல்லை, எனக்கு. குறை என்னட்டைத்தான்."
அந்த நேரம் பார்த்து ரயில்.
பெட்டி பெட்டியாய்ச் சத்தம்.
"என்ன?"
நான் கத்துகிறேன்,
"எனக்குத்தான் அக்கா! விந்து காணாது!"
கடைசிப் பெட்டி அதற்கு முன்பே போய்விட்டது.
மீன்பெட்டிக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.
கம்பன் அரிசி லொறியின் கிளீனர்
எட்டிப் பார்க்கிறான்.
அக்கா பிள்ளையின் தொப்பியைச் சரி செய்கிறா.
சரியாகத்தான் இருந்தது அது.

கடவை மேலே எழுகிறது.
சிரிக்கிறாளா அழுகிறாளா,
கண்ணாடியில் பாதி முகம்தான் தெரிகிறது.
"எடுங்கோ," என்கிறாள் தர்மினி,
"இருபத்தாறு நிமிசம்."