ஒன்பது மில்லிமீட்டர்

பகலெல்லாம் மில்லில், எடைமேடைக் கிராணி.
குலை ஏற்றிய லோரி வரும், நிற்கும், குலுங்கும்.
முப்பத்தெட்டு டன் என்று சிவப்பு எண் சொல்லும்.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
மாலை வீட்டுக்கு வந்து
எண்பது கிராம் எஞ்சினை
இரண்டு விரலால் தூக்கித் தண்டவாளத்தில் வைப்பேன்.
அன்றைய பாரம் அப்போதுதான் இறங்கும்.

பாஹாவ். தாமான் வீடு. பின்னறை.
மூன்றடிக்கு ஆறடி ஒட்டுப்பலகை,
ஆ கியோங் கடையின் மிச்சத் துண்டு.
ஒரு மூலை மழையில் ஊறி உப்பியிருந்தது,
அதைக் குன்றாக்கிவிட்டேன்.
காப்பித்தூளில் செய்த செம்மண்
நம் செம்மண்ணைவிடக் கறுப்பு.
இப்போதுதான் மழை விட்டது
என்று வைத்துக்கொள்ளலாம்.

பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் கத்தரித்தால் செம்பனை.
நிஜத்தில் ஒன்பது மீட்டருக்கு ஒரு மரம்,
இங்கே ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்று,
நூற்றுப் பதினாறு நட்டேன்.
களையில்லை, உரமில்லை, குலையும் இல்லை.

நூற்றைம்பதில் ஒன்று, அதுதான் அளவு.
அந்தக் கணக்கில்
சர்க்கரை தேடி வரும் எறும்பு நாயளவு.
பாலத்தில் படுத்திருக்கும் பல்லி பதினைந்து மீட்டர்.
அது வாலை எடுக்கும்வரை
கோலாலிப்பிஸ் வண்டி தாமதம்.

இந்த ஊர் ஈரத்தில் தண்டவாளம் கறுத்துப்போகும்.
பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்ப்பேன்.
கித்தா வெட்டி அழித்த ஊரில்
கித்தாவுக்கு நான் கொடுத்த வேலை இது.

பிறகு ஒருநாள் நின்றது.
கரண்ட் கொடுத்ததும் பெட்டியில் சிவப்பு விளக்கு.
எங்கோ ஷார்ட்.
பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து
ஒயரை ஒவ்வொன்றாய்க் கழற்றினேன்.
தடம் மாற்றியைப் பிடுங்கினேன், பழி அதன்மேல் இல்லை.
ஈப்போவிலிருந்து புதுப் பெட்டி வரவழைத்தேன்,
அதிலும் சிவப்பு.

அதே பதினோரு நாளாய்
சுலோச்சனா ஊசி தேடினாள்.
கல்யாண ரவிக்கைக்கு மணி கோக்கும் ஊசி,
முடி மாதிரி மெலிசு,
சிரம்பான் போனால்தான் கிடைக்கும்.
'உங்க சாமானோட சாமானா எங்கயோ போட்டீங்க' என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை,
வாயில் ஒயர் இருந்தது.

பன்னிரண்டாம் இரவு
குண்டூசி பொறுக்கும் காந்தத்தை எடுத்து வந்தாள்.
கேட்கவில்லை, என் ஊர்மேல் அதை ஓட்டினாள்,
குன்று, தோப்பு, ஸ்டேஷன் கூரை.
லெவல் கிராசிங்கில் பச்சைத் தூள் கிளம்பியது,
டிக் என்று ஒரு சத்தம்.
இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே
பதினோரு நாள் படுத்திருந்த ஊசி
அவள் கையில்.

சிவப்பு அணைந்தது.
'என் ஊசிதானா உங்க வண்டிய நிறுத்துச்சு?'
குரலில் கோபம் இல்லை,
கொஞ்சம் பெருமை.

அன்றிலிருந்து ஓட்டுவதும் அவள்தான்.
வளைவில் என்னைவிட வேகம்,
நான் கண்ணை மூடிக்கொள்வேன்.
ஜப்பான் பொம்மைகள் எல்லாம் கோட்டு சூட்டு.
அவற்றின் கைப்பெட்டியை வெட்டி
கைலி கட்டிவிட்டாள், மெல்லிய தூரிகையில்.
பத்து மில்லிமீட்டர் பெண் ஒருத்திக்கு
கை தூக்கி ஒட்டுப் போட்டு,
நூற்றுப் பதினாறு மரத்துக்கு நடுவே நிறுத்தினாள்.

நேற்று அங்கே வண்டியை நிறுத்திவிட்டாள்.
'அங்க ஸ்டேஷன் இல்ல சுலோ.'
'கை காட்டுறாங்க.'
'அட்டவணையில கிடையாது.'
'அவங்களுக்கு உங்க அட்டவணை தெரியுமா?'

நிஜ ரயில் அப்போது ஊரைக் கடந்தது,
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, குன்றும் கொஞ்சம்.
எங்கள் வண்டி நகரவில்லை.
அளந்து பார்த்தேன்:
நான்கு சென்டிமீட்டர் பலகை போதும்
ஒரு பெட்டிக்கு மட்டும் நடைமேடை.
நாளை மில்லிலிருந்து வரும் வழியில்
ஆ கியோங்கிடம் கேட்க வேண்டும்.
பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்று
அவள் இன்னும் சொல்லவில்லை.