பதினெட்டு மில்லிமீட்டர்

நாற்பத்தேழாம் எண்ணே,
உன் பெயர் எனக்குத் தெரியாது.
படிவத்தில் அதை மறைத்துத்தான் அனுப்புவார்கள்.
அறுவைக்கூடத்திலிருந்து ஐஸ் பெட்டியில்
இரண்டு மாடி இறங்கி வந்த
பாதித் தீக்குச்சி நீளத் தசைத் துணுக்கு,
என் மேசைக்கு நீ அவ்வளவுதான்.

முப்பத்தேழு டிகிரி உப்புநீரில்
பட்டு நூலால் உன்னைத் தொங்கவிட்டு
ஆக்சிஜன் குமிழிகளைத் திறந்தேன்.
இரண்டு மணி நேரம் நீ ஒன்றும் செய்யவில்லை.
வெளியே பம்பேரோ காற்று
மொந்தேவிதேயோவின் கரையோர விளக்குகளை உலுக்கிற்று.
என் மாத்தே ஆறிக் கசந்தது.
பிறகு திரையின் கோடு
படுத்திருந்த மாடு முதுகை நிமிர்த்துவதுபோல்
எழுந்தது.

யார் சொன்னார்கள் உனக்கு?
மூளை இல்லை. உள்ளே குழந்தையும் இல்லை.
அது இந்நேரம்
நான்காம் மாடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்.
எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை
எதையோ இறுக்கிப் பிடித்து
விடுகிறாய்.

ஒன்பது மாதம் உன்னை
இதைச் செய்யாதே செய்யாதே என்று
அடக்கி வைத்திருந்தார்கள்.
பேரிக்காயாய் இருந்த வீடு தர்பூசணியாகும்வரை
நீண்டு கொடுத்தாய்,
பக்கத்து இழையோடு பேச்சில்லாமல்.
கடைசி வாரங்களில்தான்
அண்டை வீட்டுச் சுவர்களில் சிறு துளைகள் திறக்கும்,
தனித்தனியே முனகியவை
ஒரே வடத்தைப் பிடிக்கும்.

அதுவரை தாங்கவேண்டியது கீழே இருப்பது.
எங்கள் ஸ்பானிய மொழி அதைக் கழுத்து என்கிறது.
வாய் என்று சொல்லும் மொழியும் எங்கோ உண்டாம்.
அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது
மூடியிருப்பதும் வாயின் வேலைதான் என்று.
தசை அங்கே சொற்பம், நார்தான் மிகுதி.
மூக்கு நுனிபோல் விறைத்திருந்தது
நாளாக நாளாக உதடுபோல் இளகும்.
நாள் பார்த்து இளகவேண்டும், அதுதான் விஷயம்.

நேற்று மருத்துவர் ஒயார்சாபல்
ஸ்கேன் திரையில் இரண்டு புள்ளி வைத்து
என்னுடையதை அளந்தார்.
பதினெட்டு மில்லிமீட்டர்.
இருபத்து மூன்றாம் வாரத்துக்கு
அது போதாது.
"படிக்கட்டு வேண்டாம் நெலிதா, பயமும் வேண்டாம்."
முதலாவதற்கு லிஃப்ட் இருக்கிறது.

ஆகவே இன்று என் கடைசி ஷிஃப்ட்.
நாளையிலிருந்து இடப்பக்கமாய்ப் படுத்து
கூரையின் ஈரக்கறையை எண்ணப்போகிறேன்.
அடக்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டேன் உனக்கு.
கோடு தாழ்ந்தது, தயங்கியது,
இன்னொரு சின்ன முயற்சி, பின் சமவெளி.
மேசை விளிம்பில் சாய்ந்திருந்த என் வயிறும்
சும்மா இருந்தது. நான் மூச்சைக்கூட
இரவல் வாங்குவதுபோல் வாங்கினேன்.

விதிப்படி இன்னும் ஒரு படி பாக்கி.
உன்னைக் கழுவி, ஆக்சிடோசின் சேர்த்து,
உயிர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.
குழாய் கையில் தயாராய் இருந்தது.
சிறிய சொட்டு. நிறமில்லை.

பதிவேட்டில் அந்தக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது.
காலையில் ஒத்திலியா வந்து
நெலிதா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லையே என்பாள்.

விளக்கை அணைத்தேன், குமிழிகளை அணைக்கவில்லை.
லிஃப்டில் காவலாளி
எத்தனையாவது மாதம் என்று கேட்டார்.
விரல்களைக் காட்டினேன்,
வாயைத் திறக்காமல்.