ஆறு மீட்டர்

டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் இரைச்சல்
சன்னல் கம்பிக்குள் வந்து நடுங்கும்.
தரையில் ஒட்டிய வெள்ளை டேப், ஆறு மீட்டர்.
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
மனிதர் நடப்பது எப்படியென்று படிக்க
பன்னிரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறோம்.

குதிகால் முதலில் தொடும்.
பிறகு பாதம் பரந்து படியும்.
பிறகு உடம்பின் மொத்த எடையும்
ஒரு காலின் கணக்கிலிருந்து மறு காலின் கணக்குக்குக்
கைமாற்றுக் கடனாய்ப் போகும்.
"அந்த ஒரு நொடியைப் பாருங்க.
ஆள் பொய் சொல்லலாம், இடுப்பு சொல்லாது"
என்பாள் பெனட்லின்,
தானே ஒற்றைக்காலில் சாய்ந்து நின்றபடி.

சனிக்கிழமை வந்தார்
களியலில் பால் வெட்டும் ரெசலம்.
நாற்பத்தோரு வயது. இடது இடுப்பில் வலி.
மூட்டுக்கு மூட்டு பளபளக்கும் பொட்டு ஒட்டியபோது
"கல்யாண வண்டி போல ஆக்கிட்டியளே" என்று சிரித்தார்.
நடந்தார்.
மூன்றாம் மீட்டரில் கோட்டைவிட்டு விலகினார்.
திரும்ப நடந்தார், திரும்ப விலகினார்.
காமிரா பிடித்ததை மெதுவாக ஓட்டிப்
பிழைகளை எழுதினோம்.
வினிஸ்டனுக்குப் பதினொன்று கிடைத்தது.
எனக்குப் பதினான்கு. பெருமையாக இருந்தது.

"இஞ்ச மரம் இல்லியே" என்றார் ரெசலம்,
"மரமில்லாம எங்கோட்டு நடக்க?"

வினிஸ்டனை மரமாக நிறுத்தினோம்.
ரெசலம் குனிந்தார். கையில் இல்லாத கத்தி
வினிஸ்டனின் நெஞ்சில் சரிவாக இறங்கியது.
கால்கள் பின்வாங்கிப் பின்வாங்கி
அரைவட்டம் சுற்றின.
மடங்கியே நின்ற இடது முழங்கால்
மலைச்சரிவைக் கண்டுகொண்டது.
தாழ்ந்த வலத்தோளில் பால் வாளி வந்து தொங்கியது.
கோட்டைவிட்டு விலகியது அடுத்த மரத்துக்கு.
நெற்றி விளக்கில்லாமலே
கழுத்து இருட்டைத் துழாவியது.
பதினான்கு பிழைகளும்
கம்பி வளையத்தில் சிரட்டை உட்கார்வதுபோல்
அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

வலி மட்டும் எங்கும் பொருந்தவில்லை.

அதற்குப் பெனட்லின் சொன்னது சின்ன வேலை:
சுவரைப் பிடித்து நின்று
வலக்கால், இடக்கால்,
எடையை மாற்றி மாற்றிக் கொடுப்பது.
மலையை மறக்க அல்ல,
வெட்டு முடிந்தபின்
இடுப்பும் கூட இறங்கி வீட்டுக்கு வர.
"நடக்கத் தெரியாமலா முந்நூறு மரம் வெட்டுதேன்?"
என்றார். ஆனாலும் பத்துமுறை செய்தார்,
வாய்விட்டு எண்ணிக்கொண்டே.

மதியத்துக்குமேல் என் முறை.
என்னைப் பின்னாலிருந்து நான் பார்த்தது
அன்றைக்குத்தான்.
இடது கை வீசுகிறது.
வலது கை விலாவைவிட்டு அசையவே இல்லை.
முழங்கை மடங்கி, போட்ட தாழ்ப்பாள்போல.
பதினோரு பேரும் ஒரே வரியை எழுதினார்கள்.
மரம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை:
ஏழாம் வகுப்பு. குழித்துறை பஸ்.
பின்னால் நின்ற ஆளுக்கும் எனக்கும் நடுவே
இந்த முழங்கை மட்டும்தான் இருந்தது.

வீட்டுப்பாடம்: தரையில் மல்லாந்து படு.
எது தொடுகிறது, எது தொடவில்லை, கவனி.
எதையும் திருத்தாதே.

திருவட்டாரில் கரண்டு போன ராத்திரி.
சிமெண்டுத் தரையில் கிடக்கிறேன்.
குதிகால் தொடுகிறது. தோள்பட்டை தொடுகிறது.
முதுகு ஒவ்வொரு எலும்பாய்
யோசித்து யோசித்து இறங்கி வருகிறது.
வலது முழங்கை மட்டும்
இன்னும் பஸ்ஸில் நிற்கிறது.